எந்தப் பொருநை?

கட்டுரைகள் பல வகைப்படும். கண்டதைக் கூறுவன சில. கருதியதைக் கூறுவன சில. புகழ்வதற்கென்றே எழுந்தன சில. இவற்றினின்றும் வேறாயது ஆராய்ச்சிக் கட்டுரை. ஒரு வினாவை எழுப்பி, அதற்குரிய சான்றுகளைத் தேடி, அவற்றை நடுநிலையில் நின்று சீர்தூக்கி, அச்சான்றுகள் காட்டும் விடையைக் கூறுவது அது. இன்று பள்ளியிற் பயிலும் நீங்கள் நாளை கல்லூரி புகுவீர்கள். ஆங்கு இலக்கியம் பயில்வோர் ஒரு பொருள்பற்றி ஆராய்ந்து கட்டுரை வரைதல் வேண்டும். அதனை வரையும் முறை யாது? வரைவோர்க்கு வேண்டிய பண்பு யாது? இவற்றை வெறும் விதிகளாகத் தொகுத்துக் கூறின் மனத்தில் நில்லா. ஆதலின் நம் நெல்லை நாட்டு ஆற்றையே எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கப் புகுவேன்.

பொதியமலையிற் பிறந்து, பாபநாசத்தில் நிலத்திற்கு இறங்கி, அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி, திருநெல்வேலி, திருவைகுண்டம், ஆழ்வார்திருநகரி ஆகிய ஊர்களை வளப்படுத்தி, புன்னைக்காயலின் அருகே மன்னார் வளைகுடாவிற் கலப்பது தாமிரபரணி. தமிழ்நாட்டிலேயே தோன்றித் தமிழ்நாட்டிலேயே கடலை அடையும் ஆறு அது. பொருநை என்பது அதன் இனிய தமிழ்ப்பெயர். இவ்வாற்றின் நீரைப் பருகி வளர்ந்தோர் அப்பெயரைக் கேட்ட அளவிலே உள்ளம் குளிர்வர். சங்கப் புலவர் பாடிய பொருநை நம் பொருநையே என்று மேடைகளிற் பலர் முழங்கக் கேட்டிருப்பீர்கள். அக்கூற்று மெய்யாகுமா? இதுவே நாம் எடுத்துக்கொள்ளும் வினா.

முதலில் வினாவின் அளவை நோக்குங்கள். மாணவர் ஒருவர் 'தமிழ் இலக்கியத்தில் ஆறுகள்' என்று தலைப்பிட்டு எழுதத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். தலைப்புப் பெரிது, அதன் குறையும் அதுவே. ஈராயிரம் ஆண்டு இலக்கியத்தை இருபது பக்கங்களில் அடக்கப் புகுந்தவர் எதனையும் ஆழ்ந்து நோக்க இயலாது. பிறர் கூறியவற்றையே தாமும் கூறி அமைவார். அவரே 'சங்கப் பாடல்களில் வரும் பொருநை எந்த ஆறு?' என்று கேட்பாராயின், அவ்வினாவுக்கு விடை உண்டு. விடை தரும் சான்றும் உண்டு. சில கிழமைகளில் அச்சான்றுகளை ஒருவரே கண்டு முடித்தலும் கூடும். நல்ல ஆராய்ச்சிக்குரிய வினா எதுவெனின், சான்று காட்டி நிறுவவோ மறுக்கவோ தக்க விடையைத் தருவதே என்க. 'பொருநை தமிழர் போற்றிய ஆறு' என்பதை யார் மறுப்பர்? மறுப்பார் இன்மையின் அதனை நிறுவக் கட்டுரையும் வேண்டா.

வினா கிடைத்தபின், தம் மனத்தில் உள்ள விடையை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுதல் நன்று. நெல்லை மாணவர்க்கு இயல்பாகத் தோன்றும் விடை, 'சங்கப் பொருநை நம் தாமிரபரணியே' என்பதாகும். இது முடிவன்று, கருதுகோள் மட்டுமே. கருதுகோளானது சான்றுகளின்முன் நின்று விசாரணைக்கு உட்பட வேண்டியது. வழக்கிற்கு வந்தவரையே நடுவர் இருக்கையில் அமர்த்துதல் முறையாகாது அன்றோ?

அடுத்து வருவது சான்று தேடல். இலக்கிய ஆராய்ச்சிக்கு முதற்சான்று மூலநூலே ஆகும். அதுபற்றிப் பிறர் எழுதியவை துணைச்சான்றுகள். துணையை முதலாகக் கொள்ளுதல், ஆற்றுக்குப் போகாமல் ஆற்றைப்பற்றிக் கேட்டறிந்து நீராடியதாக எண்ணுவதை ஒக்கும். மூலத்தைத் தேடிச் செல்வதற்கு எத்துணை முயற்சி வேண்டும் என்பதை இந்நாட்டு வரலாறே காட்டும். டாக்டர் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை ஆராய்ந்தபொழுது, தம்பால் இருந்த ஏடுகளோடு அமையாது, திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் வந்து கவிராயர் இல்லங்களிற் கிடந்த சுவடிகளைத் தேடினார். பொருநைக்கரையிற் கிடைத்த ஏடும் துணைசெய்ய, 1889ஆம் ஆண்டில் பத்துப்பாட்டு அச்சேறியது. 1894ஆம் ஆண்டில் புறநானூறும் வெளிவந்தது. அவ்வறிஞர் ஊர் ஊராக நடந்து தேடிய மூலம் இன்று நம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. அதனைப் புரட்டிப் பாராமல் எழுதுவோமாயின் அவர் உழைப்பை அவமதித்தோம் ஆவோம்.

மூலத்தைப் பயில்வார்க்குக் கருவி நூல்களும் உள. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி அவற்றுள் தலையாயது. அதன் பதிப்பாசிரியராக 1926 முதல் விளங்கியவர் நெல்லை மாவட்டத்துச் சிக்கிநாயக்கன்பட்டியிற் பிறந்த எஸ். வையாபுரிப்பிள்ளை. சங்கப் பாடல்களைப் புலவர் வாரியாகத் தொகுத்து 1940ஆம் ஆண்டில் அவர் பதிப்பித்த நூலும் ஆராய்வார்க்குப் பெருந்துணை. ஊர்ப்பெயர்களை ஆராய விரும்புவோர், பொருநைக்கரை இராசவல்லிபுரத்திற் பிறந்த ரா. பி. சேதுப்பிள்ளையின் 'தமிழகம் ஊரும் பேரும்' என்னும் நூலைக் காணுதல் வேண்டும்.

இக்காலத்தில் மற்றொரு வசதியும் உண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகமும் மதுரைத் திட்டமும் பழைய நூல்களைக் கணிப்பொறியிற் படிக்குமாறு செய்துள்ளன. 'பொருநை' என்று எழுதித் தேடினால் அச்சொல் வரும் இடங்கள் இமைப்பொழுதிற் கண்முன் தோன்றும். இது பெரும்பேறே. ஆயினும், கணிப்பொறி சொல்லைக் காட்டுமேயன்றி, அச்சொல் எந்த ஆற்றைச் சுட்டுகிறது என்பதைக் காட்டாது. 'பொருந' என்று தேடினாலோ, பொருநரும் பொருநராற்றுப்படையும் ஆற்று நீரோடு கலந்து வந்து நிற்கும்! சொல்லைக் கண்டெடுத்தல் தேடுபொறியின் வேலை. பாட்டு முழுவதையும் படித்து, பாடினோர் யார், பாடப்பட்டோர் யார், இடம் எது என்று அறிதல் நம் வேலை.

அவ்வாறு அறிந்தவற்றை ஒரு சான்றுக்கு ஒரு சீட்டாக எழுதிக்கொள்ளுதல் வேண்டும். நூற்பெயர், பாட்டின் எண், புலவர் பெயர், பாட்டின் கீழுள்ள பழங்குறிப்பு, அப்பாட்டுக் கூறும் செய்தி ஆகிய இவை ஒவ்வொரு சீட்டிலும் இடம்பெறல் வேண்டும். நம் கருத்துத் தோன்றினால் அதனைச் சீட்டின் மறுபுறத்தில் தனியே எழுதுக. நூல் கூறியதும் நாம் கருதியதும் ஒரே பக்கத்திற் கலந்து கிடப்பின், சில நாள் கழித்து எது எவருடையது என்று நமக்கே விளங்காமற் போகும்.

இனி, நம் வினாவுக்குரிய சீட்டுகளைப் பார்ப்போம். முதற்சீட்டு, புறநானூற்றின் 11ஆம் பாட்டு. பேய்மகள் இளவெயினி பாடியது. மணலிற் பாவை செய்து விளையாடும் இளமகளிர் தண்பொருநைப் புனலிற் பாய்ந்து ஆடுவதை அது கூறும். ஆனால், அப்பாட்டில் வரும் நகரம் வஞ்சி. பாடப்பட்டவன் சேரமான் பாலை பாடிய பெருங்கடுங்கோ. இரண்டாம் சீட்டு, 36ஆம் பாட்டு. சோழன் கிள்ளிவளவன் கருவூரை முற்றியிருந்தபொழுது ஆலத்தூர் கிழார் பாடியது. ஆங்கே மகளிர் கழங்காடும் வெண்மணல் ஆன்பொருநையின் மணல். மூன்றாம் சீட்டு, 387ஆம் பாட்டு. குண்டுகட் பாலியாதனார் பாடிய அதில், பொருநை நீர் வஞ்சியின் புறமதிலை அலைக்கின்றது. நான்காம் சீட்டு, அகநானூற்றின் 93ஆம் பாட்டு. நக்கீரர் பாடிய அதில் ஆன்பொருநை மணல் குவிந்து கிடக்கும் இடம் சேரனது கருவூர்த் துறை.

நான்கு சீட்டுகளையும் ஒருங்கு வைத்து நோக்குங்கள். நான்கும் சேரரைச் சார்ந்தன. வஞ்சியையும் கருவூரையும் சார்ந்தன. இவற்றுள் ஒன்றிலேனும் பொதியமலை இல்லை, கொற்கை இல்லை. கருவூரின் அருகே ஓடிக் காவிரியிற் கலக்கும் அமராவதியே ஆன்பொருநை என்பது அறிஞர் பலரது முடிபு. கருவூர்க்கு அண்மையிலுள்ள புகளூர் ஆறுநாட்டார் மலையிற் பொறித்த பழைய தமிழ்க் கல்வெட்டில், சேரர் குலத்து மூன்று தலைமுறையினர் பெயர்கள் காணப்படுகின்றன. அவற்றுள் ஒன்று பெருங்கடுங்கோன் என்பது. அமராவதி ஆற்றுப்படுகையிற் சேரர் காசுகளும் கிடைத்துள்ளன. இலக்கியம் கூறியதற்கு இவை வெளியிலிருந்து வந்து துணைநிற்கும் சான்றுகள்.

இவ்விடத்தில் ஆராய்வோன் எதிர்வாதத்தையும் கேட்டல் வேண்டும். வஞ்சி என்பது கருவூர் அன்று, மேலைக் கடற்கரையிற் கொடுங்கோளூர்ப் பக்கத்ததே என்பாரும் உளர். அவர் கூற்றை ஏற்பினும், அப்பாடல்களின் பொருநை சேரநாட்டு ஆறாகுமேயன்றி நெல்லை நாட்டு ஆறாகாது. ஆகவே, 'இப்பாடல்களின் பொருநை சேரரது ஆறு' என்பதை உறுதியாகக் கூறலாம். 'அது அமராவதியே' என்பதைச் சிறிது அடக்கத்தோடு கூறல் வேண்டும். சான்று எத்துணைத் தொலைவு செல்லுமோ அத்துணைத் தொலைவே முடிவும் செல்லுதல் முறை.

அங்ஙனமாயின், நம் ஆற்றைப் பொருநை என்று அழைத்தல் தவறோ எனின், அன்று. பிற்கால நூல்களை நோக்குங்கள். ஆழ்வார்திருநகரியில் அவதரித்த நம்மாழ்வார் திருவாய்மொழியில் 'பொருநல்' என்னும் ஆற்றைக் குறிக்கிறார். அதன் வடகரையில் உள்ளது தொலைவில்லிமங்கலம் என்கிறார். அவ்வூர், இரட்டைத் திருப்பதி என்னும் பெயரோடு இன்றும் தாமிரபரணியின் வடகரையில் உள்ளது. கம்பர் நாடவிட்ட படலத்தில், தென்றிசை செல்லும் வானரர்க்கு வழி கூறுமிடத்துப் பொதியமலையோடு பொருநையையும் சேர்த்துக் கூறுகிறார். ஐயத்திற்கு இடமின்றி இவை நம் ஆற்றையே சுட்டுவன. ஆகவே ஆராய்ச்சி தரும் விடை இது: பெயர் ஒன்று, ஆறுகள் இரண்டு. பெயர் ஒத்திருப்பதனாலே பொருளும் ஒன்றெனத் துணிதல் தவறு. காலமும் இடமும் பார்த்தே துணிதல் வேண்டும்.

நாம் முதலில் எழுதி வைத்த கருதுகோள் தோற்றது. இதுவே ஆராய்வோனுக்கு வரும் சோதனை. நெல்லையிற் பிறந்த மாணவர்க்கு இவ்விடை கசக்கலாம். நான்கு சீட்டுகளுள் வஞ்சி என்னும் சொல் வெளிப்பட வரும் இரண்டை ஒதுக்கிவிட்டால் என்ன என்று தோன்றலாம். பொருநை என்னும் ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்காட்டி, முன்னும் பின்னும் உள்ளவற்றை விட்டுவிட்டால் யார் அறிவார் என்றும் தோன்றலாம். அவ்வாறு செய்வோர் இல்லாமலும் இல்லை. ஆனால், சான்றை மறைத்து எழுதிய கட்டுரை எத்துணை அழகிய நடையில் அமைந்தாலும் ஆராய்ச்சி ஆகாது. ஊர்ப்பற்று ஒருவனை ஆராய்ச்சிக்குள் அழைத்து வரலாம்; தேடுவதற்கு ஊக்கம் தரலாம்; முடிவு கூறும் உரிமை மட்டும் அதற்கு இல்லை. இது என் உறுதியான கருத்து.

அன்றியும், பொய்ப்பெருமை நெடுநாள் நில்லாது. நாம் மறைத்த பாட்டை வேறொருவர் படிப்பர். கருவூர்ப் பள்ளியில் உங்களைப் போன்ற ஒரு மாணவர் படிப்பார். அப்பொழுது, நம் கட்டுரையிற் பொய்யான பகுதியோடு மெய்யான பகுதியும் மதிப்பிழக்கும். பிறர் நாட்டாரது ஆற்றை நமதென்று கூறுதல், நமக்கு உரிய ஆற்றுக்கும் ஐயம் விளைக்கும்.

சான்றின்வழி நிற்பதனால் வரும் துன்பமும் உண்டு. வையாபுரிப்பிள்ளை தமிழ் நூல்கள் பலவற்றைப் பிற்காலத்தன என்று எழுதியபோது, தமிழ்ப்பற்று மிக்கார் பலர் அவரைச் சினந்தனர். அவர் குறித்த காலங்களை ஏற்காத அறிஞர் இன்றும் பலர். அவற்றை மறுக்கத்தக்க சான்றுகளும் பின்னர்க் காட்டப்பட்டன. அவர் கூறியன எல்லாம் முடிந்த முடிபு என்பது என் கருத்தன்று. நான் சுட்ட விரும்புவது இதுவே: அவரை வென்றது சினம் அன்று, சான்றே. ஏடு காட்டி எழுதியவருக்கு ஏடு காட்டியே மறுமொழி கூறுதல் வேண்டும். அதுவே புலமை உலகின் அறம்.

இனி, மெய்யை ஏற்றதனால் நம் ஆற்றங்கரைக்கு நேர்ந்த இழப்பு யாது? ஒன்றும் இல்லை. பொருநையின் முகத்துவாரத்தை அடுத்துச் சிறந்திருந்த கொற்கையைச் சங்க நூல்கள் போற்றுகின்றன. ஐங்குறுநூறும் அகநானூறும் மதுரைக்காஞ்சியும் கொற்கையின் முத்தைக் கூறும். கி.பி. முதல் நூற்றாண்டினதாகக் கருதப்படும் 'பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்க நூல், பாண்டியர்க்குரிய கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக்கொண்டு முத்துக்குளித்த செய்தியைக் குறிக்கிறது. காளிதாசரின் இரகுவம்சமும் தாமிரபரணியின் முத்தைப் பேசுகிறது. அன்று கடற்றுறையாயிருந்த கொற்கை, ஆறு கொண்டுவந்த வண்டலாற் கடல் பின்னிட, இன்று கரையிலிருந்து விலகி உள்நாட்டுச் சிற்றூராய் உள்ளது. ஆதிச்சநல்லூரில் 1876ஆம் ஆண்டில் ஜாகர் என்னும் செருமானியரும், பின்னர் அலெக்சாண்டர் ரீ என்பாரும் அகழ்ந்து கண்ட தாழிகள் உலகறிந்தவை. சிவகளையில் ஒரு தாழியினின்றும் எடுத்த நெல்லுமி கி.மு. 1155ஆம் ஆண்டளவினது என்று 2021ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. இத்துணைச் செல்வம் உடையார்க்குக் கருவூரின் மணல் எதற்கு?

ஈண்டும் ஓர் எச்சரிக்கை வேண்டும். தாழியிற் கிடைத்த உமி பழமையானது என்பதனால், சங்கப் பாட்டில் வரும் பொருநை நம்முடையது ஆகிவிடாது. மண்ணுக்குள் கிடைத்த சான்று மண்ணின் பழமையைக் கூறும். பாட்டின் பொருளைப் பாட்டே கூறும். ஒரு வினாவுக்குரிய சான்றை மற்றொரு வினாவுக்கு விடையாக்குதல் ஆராய்ச்சியில் அடிக்கடி நேரும் பிழை.

சான்றுகள் தொகுத்து முடிவும் தெளிந்தபின், எழுதத் தொடங்கலாம். ஐந்து கிழமை கால எல்லை உண்டாயின், முதற்கிழமையில் வினாவை வரையறுக்க. அடுத்த இரண்டில் சான்று தேடுக. நான்காவதில் எழுதுக. ஐந்தாவதை அடித்துத் திருத்துவதற்கென்றே ஒதுக்குக. இறுதி இரவில் எழுதி முடிக்கும் கட்டுரையிற் பிழை மட்டுமே விரைவாக வளரும். எழுதுமிடத்து, முதற்கண் வினாவையும் அது வினாவப்பட வேண்டிய காரணத்தையும் கூறுக. அடுத்துப் பிறர் கூறிய விடைகளை அவர்தம் பெயரோடு கூறுக. பின்னர்ச் சான்றுகளை ஒவ்வொன்றாக நிறுத்தி ஆராய்க. மாறுபட்ட சான்றையும் மறையாது காட்டுக. இறுதியில் முடிவைச் சுருங்க உரைத்து, இன்னும் தெளியாதவை இவை என்று சுட்டி நிறுத்துக. உறுதியானதை 'ஆகும்' என்றும், ஐயத்திற்கு உரியதை 'ஆகலாம்' என்றும் எழுதுக. இவ்விரு சொற்களையும் இடமறிந்து வழங்கத் தெரிந்தவரே ஆராய்ச்சி நடை கைவந்தவர்.

பிறர் சொற்களை எடுத்தாளும்பொழுது அவை பிறருடையவை என்று குறித்தல் வேண்டும். இணையத்திற் கிடைத்த பத்தியை அப்படியே பெயர்த்து எழுதுதலும், இயந்திரம் எழுதித் தந்ததைத் தம்முடையது என்று கொடுத்தலும் களவே ஆகும். களவாற் பெற்ற கட்டுரைக்கு மதிப்பெண் கிடைக்கலாம். ஆனால், சீட்டு எழுதும்பொழுதும், இரு பாடல்களை ஒப்பிடும்பொழுதும், நம் எண்ணம் பிழையென்று நாமே காணும்பொழுதும் உண்டாகும் அறிவு கிடைக்காது. அவ்வறிவை வேண்டியன்றோ கல்லூரிக்குச் செல்கிறோம்!

மாணவர்களே, உங்கள் ஊரிலும் ஆராயத்தக்க வினாக்கள் உள. அசோகரது கல்வெட்டிற் காணும் 'தம்பபன்னி' என்னும் பெயர் இலங்கையைக் குறிப்பதோ, நம் ஆற்றைக் குறிப்பதோ? உங்கள் ஊர்ப்பெயர் கோயிற் கல்வெட்டில் எவ்வாறு உள்ளது? உங்கள் ஊர்மேற் பாடிய பிள்ளைத்தமிழோ பள்ளோ உண்டா? சிறிய வினாவை எடுத்துக்கொள்ளுங்கள். மூலத்தை முழுதும் படியுங்கள். உங்கள் விருப்பத்திற்கு மாறான சான்று எதிர்ப்படின் அதனை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அத்தகைய சான்றை மதிக்கக் கற்றவரிடமே தமிழ் தன் வரலாற்றை நம்பி ஒப்படைக்கும்.